ஏப்ரல் விதைப்பா, மே விதைப்பா? அயோவா மக்காச்சோளத்தின் இரண்டு பட்டங்கள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏப்ரல் பிறந்துவிட்டால் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. ஏப்ரல் நடுவிலேயே விதைத்துவிடுவதா, மே நடுவரை பொறுப்பதா?

முந்தி விதைப்பவர் வெயிலைக் கணக்குப் போடுகிறார். ஜூன் 21 வாக்கில் பகல் மிக நீளம். அதற்குள் பயிர் இலை விட்டுத் தரையை மூடினால் அந்த வெயில் முழுக்கப் பயிருக்கே. கதிரும் வயலிலேயே நன்றாகக் காயும், அறுவடைக்குப் பின் உலர்த்தும் எரிவாயுச் செலவு மிச்சம்.

இதில் உறைபனிக்குத்தான் பலரும் பயப்படுகிறார்கள். எனக்கு அது இரண்டாவது கவலை. ஐந்தாறு இலை விடும்வரை குருத்து மண்ணுக்கடியில்தான் இருக்கும். இலை கருகினாலும் பெரும்பாலும் துளிர்த்துவிடும். பயப்பட வேண்டியது விதைத்த முதல் 48 மணி நேரத்துக்கு. காய்ந்த விதை தண்ணீர் குடித்து உப்பும் நேரம் அது. அப்போது குளிர்ந்த மழை இறங்கி, மண் 10 டிகிரி செல்சியசுக்கு நன்றாகக் கீழே போனால் விதைக்குள் செல் சவ்வுகள் சிதைகின்றன. மூன்று வாரம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் மனம் பதறும்: சில விதை உப்பியபடியே அழுகிக் கிடக்கும், சில முளை சுருள் கம்பி போல முறுக்கிக்கொண்டு மண்ணுக்குள்ளேயே இலை விரித்திருக்கும்.

மே விதைப்பில் இந்தத் தொல்லை குறைவு. வெதுவெதுப்பான மண்ணில் ஒரு வாரம், பத்து நாளில் வரிசை முழுக்க ஒன்றுபோல் தலைகாட்டும். ஆனால் மே மழை யார் பேச்சையும் கேட்காது. 2019-இல் விடாத மழையால் அமெரிக்காவில் 1.1 கோடி ஏக்கருக்கு மேல் மக்காச்சோளம் விதைக்கவே முடியவில்லை. பிந்தினால் இன்னொரு இழப்பும் உண்டு: மே 31-க்குப் பிறகு அயோவாவில் பயிர்க்காப்பீட்டுத் தொகை நாளுக்கு ஒரு சதவீதம் குறையும். அதே சமயம், முந்திக்கொண்டதும் காப்பாற்றும் என்றில்லை. 2012-இல் சீக்கிரமே விதைத்தார்கள். கோடை வறட்சி கதிரைப் பொக்காக்கிவிட்டது.

என்னைக் கேட்டால் தேதியைவிட மண்ணைத்தான் நம்புவேன். ஏப்ரல் கடைசி வாரம், மண் 10 டிகிரியைத் தாண்டி ஏறுமுகமாக இருந்து, இரண்டு நாளைக்குக் குளிர் மழை இல்லையென்றால் தயங்காமல் விதைக்கலாம். இரண்டு அங்குல ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்து உருட்டி, கட்டைவிரலால் அமுக்குங்கள். உதிர்ந்தால் பதம். நாடா மாதிரி நீண்டால் இயந்திரத்தைக் கொட்டகைக்கே திருப்புங்கள். ஈரத்தில் ஓட்டினால் சாலின் இரு பக்கமும் மெழுகினதுபோல் இறுகி, வேர் பக்கவாட்டில் போக வழியில்லாமல் சாலோடே ஓடும்.

ஏக்கர் அதிகம் உள்ளவரால் முழுதுக்கும் காத்திருக்க முடியாது. அவர் மேட்டு நிலத்தையும் வடிகால் நல்ல நிலத்தையும் முதலில் முடித்துவிட்டு, பள்ளத்துக் களிமண்ணை மே மாதத்துக்கு விட்டுவைக்கலாம். அதுவும் மே கடைசிவரை இழுத்தால் வயது குறைந்த, அதாவது சீக்கிரம் விளையும் ரகத்துக்கு மாறிவிட வேண்டும்.