கிரேக்கத் தீவு பேக்கேஜ் வாங்கப் போகிறீர்களா? கடைசி நாள் அட்டவணையை முதலில் பாருங்கள்

ஏதென்ஸ், மிக்கனோஸ், சான்டொரினி என்று பேக்கேஜ் விற்கும் சென்னை டிராவல் ஏஜென்சி ஒன்றிடம் போன ஆகஸ்டில் குடும்பத்தோடு மாட்டிக்கொண்டோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. இதே திட்டத்தை வேறு சிலரும் விற்கிறார்கள், அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அறை. விளம்பரப் படத்தில் இருந்தது சான்டொரினியின் ஓயா ஊரின் வெள்ளை வீடுகளும், கீழே கால்டேராவும் (எரிமலை வெடித்து உருவாகி, கடல் நிறைந்த பெரும் பள்ளம்). வவுச்சரில் ‘சீ வியூ ரூம், சான்டொரினி’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். போய் இறங்கியது பெரிஸ்ஸாவில். கறுப்பு மணல் கடற்கரை, நல்ல ஊர்தான். ஆனால் அது தீவின் தென்கிழக்கில் இருக்கிறது. கால்டேராவைப் பார்த்த ஊர்களான ஃபிரா, இமெரோவிக்லி, ஓயா எல்லாம் மறுபக்கத்துப் பாறை விளிம்பில். ஏஜென்ட்டுக்குப் போன் போட்டுக் கேட்டால், “கடல் தெரியுது இல்ல சார்?” என்கிறார். “எல்லா வரியும் அடக்கம்” என்று சொன்னவர், ஹோட்டலில் தனியாக வாங்கும் பருவநிலை வரியைப் பற்றி மூச்சு விடவில்லை. 2025 முதல், ஏப்ரலில் இருந்து அக்டோபர் வரை, நான்கு நட்சத்திர அறைக்கு ஓர் இரவுக்கு 10 யூரோ, ஐந்து நட்சத்திரத்துக்கு 15.

சரி, இதெல்லாம் சில்லறை. பெரிய அடி ஃபெரியில், அதாவது தீவுகளுக்குப் போய்வரும் பயணிகள் கப்பலில் விழுந்தது.

காலையில் சான்டொரினியில் அதிவேக ஃபெரி, மதியம் ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகம், அன்று இரவே ஏதென்ஸிலிருந்து தோகா வழியாகச் சென்னை. காகிதத்தில் கச்சிதமாக இருந்தது. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் இந்தத் தீவுகள் இருக்கும் ஏஜியன் கடலில் மெல்டெமி என்கிற வடக்குக் காற்று பலமாக வீசும். மழையோ மேகமோ இருக்காது, வெயில் பளிச்சென்று அடிக்கும், கடல் மட்டும் கொந்தளிக்கும். காற்று அளவு மீறினால் துறைமுக அதிகாரிகள் ஃபெரிகளைப் புறப்பட விடமாட்டார்கள். முதலில் நிற்பவை அதிவேக ஃபெரிகள். கிரேக்கத் தீவுகளை விற்றுப் பிழைப்பவருக்கு இது தெரியாது என்றால் நம்ப நான் தயாராக இல்லை.

ரத்து அறிவிப்பு முந்தைய இரவே எஸ்.எம்.எஸ்.ஸில் வந்துவிட்டது. எங்களுக்கு அல்ல, ஏஜென்ட்டுக்கு. டிக்கெட்டில் தன் நம்பரைக் கொடுத்திருக்கிறார். அப்போது சென்னையில் நள்ளிரவு, அவர் தூங்கிவிட்டார். நாங்கள் காலையில் பெட்டிகளோடு மலைப்பாதையில் வளைந்து வளைந்து அதினியோஸ் துறைமுகத்துக்கு இறங்கி, அங்கே நின்ற கூட்டத்தைப் பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டோம். இரவே தெரிந்திருந்தால் ஏதென்ஸ் விமானத்தில் இடம் தேடியிருக்கலாம். காலையில் எல்லாம் நிறைந்துவிட்டது. சென்னை விமானம் போயிற்று, புது டிக்கெட் கைக்காசில்.

“வானிலை சார், ரீஃபண்ட் கிடையாது” என்றார் ஏஜென்ட். அரைப் பொய். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதிப்படி, மோசமான வானிலையால் ரத்தானால் ஹோட்டல் செலவும் நஷ்ட ஈடும் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் டிக்கெட் பணத்தைத் திரும்ப வாங்கலாம், அல்லது வேறு ஃபெரியில் போகலாம். இந்த உரிமை வானிலைக்கும் உண்டு. ஃபெரி கம்பெனிக்கு நானே எழுதிக் கேட்டேன். டிக்கெட் வாங்கிய கார்டுக்கே பணத்தை அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. அது ஏஜென்ட்டின் கார்டு!

பேக்கேஜ் வாங்கியே ஆகவேண்டும் என்றால், கடைசி இரவு ஏதென்ஸில் இருக்கும்படி மாற்றச் சொல்லுங்கள். ஃபெரி டிக்கெட்டில் உங்கள் மொபைல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஃபெரியை மட்டும் உங்கள் கார்டில் நீங்களே போடுங்கள். அறைக்கு ‘கால்டேரா வியூ’ என்ற சொல்லும் ஊர்ப் பெயரும் வவுச்சரிலேயே எழுத்தில் வேண்டும்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊர் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அடுத்து அதுதான். இதற்கிடையில் ஏஜென்ட்டிடமிருந்து வாட்ஸ்அப்: அடுத்த டூருக்குத் தள்ளுபடி தருகிறாராம், புகாரை வாபஸ் வாங்கினால்.