தையூர் பொட்டலில் ஆறு வருடம்: என் 8×42 பைனாகுலர்

2019 டிசம்பரில் 11,500 ரூபாய் கொடுத்து வாங்கியது. 8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் அகலம் 42 மி.மீ. அன்றிலிருந்து மாதம் இரண்டு ஞாயிறாவது கழுத்தில் தொங்குகிறது. போவது பெரும்பாலும் ஒரே இடம்தான்: சென்னை ஓ.எம்.ஆரிலிருந்து உள்ளே, சிறுசேரிக்கும் தையூருக்கும் நடுவில் மிச்சமிருக்கும் புல்வெளி. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு 2022இல் ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. இந்தப் பொட்டலுக்குக் கிடைத்தவை பிளாட் கற்கள்.

கடைக்காரர் 10×42தான் எடுக்கச் சொன்னார். நண்பரிடம் அதை இரவல் வாங்கி ஒருநாள் பார்த்திருந்ததால் நான் அசையவில்லை. வெட்டவெளியில் சாய்ந்துகொள்ள ஒரு மரம் கிடையாது. கை ஆடுவதும் பத்து மடங்காகத் தெரியும். அதைவிடத் தொல்லை கானல். ஏப்ரலில் ஒன்பது மணிக்குள் தரை சூடேறிக் காற்று நெளிய ஆரம்பித்துவிடும். தூரத்தில் நிற்கும் மஞ்சள் மூக்கு ஆள்காட்டி தண்ணீருக்கடியில் நிற்பதுபோல அலையும். லட்ச ரூபாய் லென்ஸ் போட்டாலும் இதற்கு வழியில்லை, பெரிதாக்கினால் நெளிவும் சேர்ந்து பெரிதாகும். எனவே விடியும்போதே அங்கே இருக்க வேண்டும். அந்த மங்கலில் எட்டு மடங்குதான் கைகொடுக்கிறது: 42ஐ எட்டால் வகுத்தால் 5.25 மி.மீ., கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. பத்து மடங்கில் 4.2தான்.

புல்வெளிப் பறவைகள் எல்லாம் மண் நிறம். வயல் நெட்டைக்காலியையும் ஜெர்டன் புதர் வானம்பாடியையும் பிரித்தறிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. நெட்டைக்காலி ஒல்லி, நிமிர்ந்து நடந்து வாலை ஆட்டும். வானம்பாடிக்குத் தடித்த அலகு, இறக்கையில் செம்மை. புதரிலிருந்து மேலே எழுந்து, பாடிக்கொண்டே பாராசூட் மாதிரி இறங்கும். இறங்குவதைக் கடைசிவரை விடாமல் தொடர அகலமான பார்வைப் பரப்பு வேண்டும். என் பைனாகுலரில் அது போதாமல் போனதில்லை. குளிர்காலத்தில் சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வரும்போதும் அப்படித்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. மூன்றாவது வருட மழைக்காலம் முடிந்ததும் வலது குழாயில் வலைபோல ஏதோ. பூஞ்சை. சர்வீஸ் சென்டரில் ஐந்து வாரம் வைத்திருந்து, துடைத்துக் கொடுத்தார்கள். இடது பக்க ஃபோகஸ் சரிக்கட்டும் வளையம் லூசாகித் திரும்பி வந்தது. இப்போது ஒவ்வொரு தடவையும் பார்த்துத் திருப்ப வேண்டியிருக்கிறது. அதன்பிறகு சம்படத்தில் சிலிக்கா ஜெல் பையோடுதான் தூங்குகிறது. மேலுறை ரப்பரும் சென்னை வெக்கையில் பிசுபிசுக்கிறது. கூட வந்த கழுத்துப் பட்டையை ஆறு மாதத்தில் தூக்கிப் போட்டேன். தோளில் மாட்டும் பட்டைக்கு மாறியதும் கழுத்துவலி போனது.

லென்ஸ் தரத்தைக் கேட்டால், விளிம்பில் லேசாக மங்கும். நடுவில் பறவையை வைக்கத் தெரிந்தவருக்கு அது பெரிதில்லை.

பைனாகுலரோடு பொட்டலில் நின்றால் எல்லாருக்கும் ஒரே சந்தேகம். "தம்பி, இடம் பாக்க வந்தீங்களா, சென்ட் என்ன சொல்றாங்க?" என்று ஆடு மேய்க்கும் அக்கா கேட்டார். குருவி பார்க்க வந்தேன் என்றேன், நம்பவில்லை. கையில் கொடுத்தேன். ஆள்காட்டி இருந்த பக்கம் அவர் திருப்பவே இல்லை, தன் ஆடுகளைத்தான் ஒவ்வொன்றாக எண்ணினார். "ஒண்ணு கொறையுது தம்பி" என்று பைனாகுலரைத் திருப்பித் தந்துவிட்டு ஓடினார்.