பத்துப் பேர் அலுவலகத்துக்குத் தனி பிரின்ட் சர்வர் வேண்டுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லேசர் பிரின்டர், மூன்று நகல் பில்லுக்காக விடாமல் வைத்திருக்கும் ஒரு டாட் மேட்ரிக்ஸ். எல்லா மேசையிலிருந்தும் பிரின்ட் போக வேண்டும். இதற்குப் பிரின்ட் சர்வர், அதாவது எல்லாருடைய பிரின்ட் வேலையையும் வாங்கிப் பிரின்டருக்கு அனுப்பும் தனிக் கணினி, தேவையா என்பதுதான் கேள்வி.

பலரும் செய்வது ஷேரிங். முன் மேசைக் கணினியில் யுஎஸ்பி கேபிளைச் செருகி ஷேர் போட்டால் ஆயிற்று, காசே இல்லை. ஆனால் அந்த மேசைக்காரர் கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பினால் மற்ற ஒன்பது பேரும் கையைப் பிசைய வேண்டியதுதான். 2021இல் விண்டோஸின் பிரின்ட் பகுதியில் 'பிரின்ட்நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு மைக்ரோசாப்ட் பிடியை இறுக்கிவிட்டது. ஷேர் பிரின்டருக்கு டிரைவர் (பிரின்டரை இயக்கும் மென்பொருள்) ஏற்றவே அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. ரிட்டர்ன் தாக்கல் நெருக்கடியில் இது யாருக்கு வேண்டும்?

அடுத்தது கையடக்கப் பிரின்ட் சர்வர் பெட்டி. ஒரு பக்கம் லேன் (அலுவலக நெட்வொர்க் கேபிள்), மறுபக்கம் யுஎஸ்பி. டாட் மேட்ரிக்ஸுக்கு இது அருமையாகப் பொருந்தும், வெறும் எழுத்துகளைத்தானே அனுப்புகிறோம். மலிவு லேசர்களில்தான் மாட்டிக்கொள்வோம். எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தன்னை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைக் கணினியின் டிரைவரிடமிருந்து வாங்கிக்கொள்பவை. பெட்டிக்கு அதை ஊட்டத் தெரியாவிட்டால் பிரின்டர் சும்மா உட்கார்ந்திருக்கும். பெட்டி வாங்குமுன் ஆதரிக்கும் மாடல் பட்டியலைப் பார்ப்பது அவசியம்.

லேன் போர்ட்டோடு வரும் பிரின்டரில் அந்தப் பெட்டி உள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு கணினியும் 9100 என்ற எண்ணுள்ள நெட்வொர்க் வழியில் (இதையும் போர்ட் என்பார்கள்) நேராக அனுப்பிவிடும், இடையில் யாரும் இல்லை. கரண்ட் போய் வந்தபின் 'ஆஃப்லைன்' என்று காட்டினால் பெரும்பாலும் பிரின்டர் கெட்டிருக்காது. ரவுட்டர் அதற்கு வேறு ஐபி, அதாவது வேறு நெட்வொர்க் முகவரி, கொடுத்திருக்கும். ரவுட்டர் செட்டிங்கில் ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

அப்புறம் தனி சர்வர். எல்லா வேலையும் ஒரே வரிசையில் நிற்கும், டிரைவரை ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம், யார் எத்தனை பக்கம் எடுத்தார் என்ற கணக்கும் வைக்கலாம். கெடுதலும் அதே இடத்தில்தான்: சிக்கிய ஒரு ஃபைல், வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் ஸ்பூலரையே முடக்கினால் மொத்த அலுவலகமும் நிற்கும். அப்போது ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி, அதன் ஃபோல்டரில் கிடப்பதை அழித்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். விண்டோஸ் சர்வர் என்றால் ஆளுக்கோ கணினிக்கோ தனி லைசென்ஸும் உண்டு. லினக்ஸில் ஓடும் 'கப்ஸ்' (CUPS) என்ற பிரின்ட் சர்வர் மென்பொருள் இலவசம், மூலையில் கிடக்கும் பழைய கணினியே போதும். ஆனால் அதைத் தெரிந்தவர் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்த ஆடிட்டருக்கு லேன் லேசர் ஒன்றும், டாட் மேட்ரிக்ஸுக்கு ஒரு பெட்டியும் போதும். சர்வர் விற்க வருபவரிடம் 'சரி, யோசிக்கிறோம்' என்று சொல்லிவிடலாம். சிப்காட்டில் ஸ்டோர், கேட், சம்பளப் பிரிவு என்று ஆளுக்கொரு கட்டடத்தில் பிரின்டர் வைத்திருக்கும் கம்பெனிக்குக் கதை வேறு. அங்கே தனி சர்வர் போட்ட காசுக்கு உழைக்கும்.

எதை எடுத்தாலும் சுவிட்ச், ரவுட்டர், சர்வர் மூன்றையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். லேசர் பிரின்டரை மட்டும் அதில் போடாதீர்கள். உள்ளே சூடேறும் ரோலர் இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யுபிஎஸ் தாங்காது.