தினமும் ‘சக்சஸ்’ மெயில் வந்தது, டி டிரைவ் மட்டும் வரவில்லை: சர்வர் மாற்றுகிறவர்கள் கவனத்துக்கு

சர்வரை விஎம்வேரிலிருந்து ப்ராக்ஸ்மாக்ஸுக்கு (இரண்டுமே ஒரு சர்வருக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுகிற சாஃப்ட்வேர்) மாற்றித் தருகிறோம், பேக்அப்பும் எங்கள் பொறுப்பு என்று யாராவது கொட்டேஷனோடு வந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஐடி வேலை பார்க்கிறவன் நான். எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒரு தடவை காசு கொடுத்தால் போதும் என்றிருந்த லைசென்ஸை நிறுத்திவிட்டார்கள். இனி சந்தாதான். ஒன்றிரண்டு சர்வர் வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்கள் வேறு வழி தேட ஆரம்பித்தோம். ப்ராக்ஸ்மாக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது, நல்ல சாஃப்ட்வேர், அதன்மேல் எனக்கு இன்றைக்கும் குறையில்லை. குறையெல்லாம் அதைச் சாக்கிட்டு ஊருக்குள் காளான் மாதிரி முளைத்த மைக்ரேஷன் ஆட்கள் மேல்தான்.

எங்களிடம் இருந்தது மூன்று விர்ச்சுவல் மெஷின். ஒன்றில் ஈஆர்பியும் (கம்பெனியின் அன்றாட வேலையெல்லாம் பதிவாகிற சாஃப்ட்வேர்) அதன் எஸ்க்யூஎல் டேட்டாபேஸும், ஒன்றில் டேலி, இன்னொன்றில் அட்டெண்டன்ஸ். மாற்றிக் கொடுத்தார்கள், ஓடியது. ராத்திரி என்ஏஎஸ்ஸுக்கு (நெட்வொர்க்கில் மாட்டியிருக்கிற தனி சேமிப்புப் பெட்டி) பேக்அப் போகும், காலையில் மெயில் வரும் என்றார்கள். வந்தது. மூன்று மெஷினுக்கும் பச்சை எழுத்தில் ‘சக்சஸ்’. சர்வரில் எல்லா அதிகாரமும் தருகிற ரூட் பாஸ்வேர்டை மட்டும் கொடுக்கவே இல்லை. கேட்டதற்கு, “ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) இருக்கிற வரைக்கும் நாங்கதானுங்க பாக்கணும், நீங்க கை வெச்சா அப்புறம் எங்களுக்குப் பொறுப்பில்லைங்க” என்று பதில். என்ஏஎஸ் லாகினும் அவர்களிடமே. முதலாளியும் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஷிப்மென்ட் நெருக்கடியில் இருந்தபோது டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டுகிற ரெய்டு கார்டு செத்துப்போய், டிஸ்க்கில் இருந்ததையும் கொண்டுபோய்விட்டது. மதியம் அவர்களுடைய இன்ஜினியர் ஒரு ஸ்டாண்ட்பை மெஷினோடு வந்தார். டேலி வந்தது, அட்டெண்டன்ஸ் வந்தது. ஈஆர்பி மெஷினிலும் விண்டோஸ் அழகாக எழுந்தது. ஐகானைத் தட்டினால் டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை என்கிறது. எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் சி டிரைவ் மட்டும்தான் இருக்கிறது. டி-யைக் காணோம். டேட்டாபேஸ் மொத்தமும் டி-யில்தான் இருந்தது.

நடந்தது இதுதான். ப்ராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ‘பேக்அப்’ என்று ஒரு டிக் பாக்ஸ் உண்டு. யாரும் தொடாவிட்டால் அது டிக் ஆகித்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டால் அந்த டிஸ்க்கை விட்டுவிட்டு மற்றதை பேக்அப் எடுக்கும், வேலை நல்லபடியாக முடிந்ததாகவே கணக்கு. மறைக்கவும் மறைக்காது. என்ஏஎஸ்ஸில் ஒவ்வொரு பேக்அப் ஃபைலுக்குப் பக்கத்திலும் ஒரு லாக் ஃபைல் கிடக்கும். அன்றைக்கு இன்ஜினியர் லாகின் போட்டுக் கொடுத்தபிறகு அவற்றை வரிசையாகத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே வரி: ‘எக்ஸ்க்ளூட் டிஸ்க்’, அதன் முடிவில் ‘பேக்அப் ஈக்வல் நோ’. எங்களுக்கு வந்த மெயிலோ அவர்களே எழுதிய ஸ்கிரிப்ட் அனுப்பியது. கடைசி ஓகேவை மட்டும் எடுத்துப் பச்சை அடித்து அனுப்பும்.

ஏன் டிக்கை எடுத்தீர்கள் என்றால் இன்ஜினியர் கூச்சமே இல்லாமல் சொல்கிறார்: “பேக்அப் காலைல வரைக்கும் ஓடுது, ஆபீஸ் ஸ்லோவா இருக்குன்னு நீங்கதானுங்களே கம்ப்ளெயின்ட் குடுத்தீங்க.” வேகப்படுத்திய லட்சணம் இது! டி-யோடு எடுத்த பழைய பேக்அப்புகளை, இடம் மிச்சம் பிடிக்க சிஸ்டமே முறைப்படி அழித்துவிட்டிருந்தது.

மேனேஜரைப் பிடித்தால், ஒப்பந்தத்தில் இருப்பது ‘பேக்அப் மானிட்டரிங்’ மட்டும்தான், ரெஸ்டோர், அதாவது பேக்அப்பிலிருந்து திரும்ப எடுத்துத் தருவது, தனி சார்ஜ் என்கிறார். இப்படி வேறு யாருக்கும் நடந்ததே இல்லையாம். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் கோடு சேமித்து வைக்கிற இணையதளமான கிட்லேப்புக்கு நடந்ததை உலகமே படித்தது. தவறுதலாக டேட்டாபேஸை அழித்துவிட்டுத் தேடினால், பேக்அப் ஃபைல் எதுவும் சேர்ந்திருக்கவில்லை. ஃபெயில் ஆகிறது என்று போன மெயில்களும் போய்ச் சேரவில்லை. வேறு காரியத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நகல்) காப்பாற்றியது. அவர்களாவது நடந்ததை ஒளிக்காமல் எழுதிவைத்தார்கள்.

எங்களைக் காப்பாற்றியதும் அப்படி ஒன்றுதான். ஈஆர்பி கம்பெனித் தம்பி ஒருத்தர் ஏதோ ரிப்போர்ட்டைத் திருத்துவதற்காக டேட்டாபேஸை முன்பே தன் லேப்டாப்பில் எடுத்துப் போயிருந்தார். அதைப் போட்டுவிட்டு, அதற்குப் பிந்தைய பில்களை ஈ-இன்வாய்ஸ் போர்ட்டலிலிருந்து இறக்கினோம். ஜாப்வொர்க் டிசிக்களுக்கு (வெளி யூனிட்டுக்குச் சரக்கு அனுப்பும் டெலிவரி சலான்) அந்த வழியும் இல்லை. டையிங், பிரிண்டிங், காஜா பட்டன் என்று ஒவ்வொரு யூனிட்டுக்கும் போன் போட்டு, அவர்கள் கையில் இருந்த காப்பியை வாட்ஸ்அப்பில் வாங்கி, அக்கவுண்ட்ஸ் அக்காக்கள் உட்கார்ந்து திரும்ப ஏற்றினார்கள். கிலோ கணக்கு இன்னும் சில இடங்களில் ஒட்டவில்லை.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், 2019 சட்டப்படி வணிகத்துக்காக வாங்கிய சேவைக்கு அங்கே இடமில்லை என்றார் வக்கீல். சிவில் வழக்குதான். இது அந்த மேனேஜருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சரி, இனி மாற்றப் போகிறவர்களுக்கு. ‘ரெஸ்டோர்’ என்ற சொல்லும், அதை எத்தனை மணி நேரத்தில் முடித்துத் தருவார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசித் தவணைப் பணத்தை உங்கள் கண் முன்னால் ஒரு ரெஸ்டோர் முடியும்வரை நிறுத்தி வையுங்கள். பேக்அப்பை வேறு மெஷின் நம்பரில் புது மெஷினாக இறக்கச் சொல்லுங்கள். நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு ஆன் செய்யட்டும், இல்லாவிட்டால் ஓடுகிற மெஷினோடு ஐபி மோதும். விண்டோஸ் வந்ததோடு கைதட்டி அனுப்பிவிடாதீர்கள். ஈஆர்பிக்குள் போய் நேற்றுக் கடைசியாகப் போட்ட பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேக்அப்புக்கென்றே இருக்கிற ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்அப் சர்வர் என்ற சாஃப்ட்வேரைக் காட்டி ‘வெரிஃபை ஓகே’ என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். வந்து சேர்ந்த டேட்டா கெடாமல் இருக்கிறதா என்பதைத்தான் அது பார்க்கும். அனுப்பவே அனுப்பாத டிஸ்க்கைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

இன்னொன்று, எங்கள் சர்வரைப் பார்க்கப் புதிதாக வந்தவர் கண்டுபிடித்தது: எங்கள் எந்த மெஷினிலும் க்யூஇஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட் என்ற சின்ன புரோகிராம் போடப்படவே இல்லை. அது இருந்தால்தான் பேக்அப் தொடங்கும்போது விண்டோஸுக்குத் தகவல் போய், எழுதிக்கொண்டிருப்பதை ஒழுங்காக முடித்து ஒரு நொடி நிற்கும். இல்லாவிட்டால் ஓடுகிற மெஷினின் பிளக்கைப் பிடுங்கிய நிலையில்தான் பேக்அப் இருக்கும். டேலி முழுசாக வந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

ஏற்கெனவே மாறிவிட்டவர்கள் மெஷினின் ஹார்ட்வேர் பக்கத்தைத் திறந்து, எந்த டிஸ்க் வரியிலாவது ‘பேக்அப் ஈக்வல் ஜீரோ’ என்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பாஸ்வேர்ட் உங்களிடம் இல்லையென்றால் முதல் சண்டையை அங்கிருந்து ஆரம்பியுங்கள். அந்த கம்பெனி எது என்று கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள். நோட்டீஸ் போயிருக்கிறது, பெயரை இப்போதைக்கு வெளியில் சொல்லக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.