1991 செப்டம்பரின் கடைசி வாரத்தில் வெளியான மூன்று ராக் ஆல்பங்கள்

ஆல்டர்நேட்டிவ் ராக் (வெகுஜனப் போக்கிலிருந்து விலகிய மாற்று ராக்) இசையின் வரலாற்றில் 1991 செப்டம்பர் 24-ஐ ஒட்டிய வாரத்துக்கு ஈடான இன்னொரு வாரத்தை நான் அறியேன். நிர்வாணா, ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ், பிக்ஸீஸ் ஆகிய மூன்று அமெரிக்கக் குழுக்களின் புதிய ஆல்பங்கள் அந்த ஒரே வாரத்தில் கடைகளுக்கு வந்தன.

நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' ஆல்பத்தை, புட்ச் விக்கின் தயாரிப்பில், கலிபோர்னியாவின் சவுண்ட் சிட்டி ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவு செய்தனர். அடங்கிய குரலில் தொடங்கிப் பல்லவியில் வெடித்தெழும் அமைப்பை இதன் புகழ்பெற்ற பாடல்களில் கேட்கலாம். ஆனால் என்னை இன்றும் அசைப்பது, குழுவின் பாடகர் கர்ட் கோபேன் சோபாவில் படுத்தபடி ஏறக்குறைய முணுமுணுப்பாகப் பாடிய 'சம்திங் இன் த வே' என்னும் பாடலும், அதன் அடியில் மெல்ல இழையும் செல்லோ என்னும் தந்திக் கருவியின் ஒலியும்தான். குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த டேவ் குரோலின் டிரம்ஸ் மற்ற பாடல்களுக்கு முதுகெலும்பாக நிற்கிறது. 1992 ஜனவரியில் இந்த ஆல்பம் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைப் பின்தள்ளி அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது.

பெப்பர்ஸின் 'பிளட் சுகர் செக்ஸ் மேஜிக்', ரிக் ரூபினின் தயாரிப்பில் ஒரு பழைய மாளிகையிலேயே பதிவான 17 பாடல்களைக் கொண்டது. ஃபிளியின் பேஸ் கிட்டார் அபாரமானது என்றாலும் நீளம் சற்று அதிகம்.

பிக்ஸீஸின் 'ட்ரோம்ப் லெ மோந்த்' இவற்றுள் குறைவாகப் பேசப்பட்டது. குழுவின் பேஸ் கிட்டார் கலைஞரும் பாடகியுமான கிம் டீலின் குரல் இதில் அரிதாகவே ஒலிப்பது எனக்குப் பெரிய குறை. ஆயினும், தம் பாடல்முறைக்கு இக்குழுவே முன்மாதிரி என்று கோபேன் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னதை நினைத்தால், மூன்றில் இதையே முதலில் கேட்கப் பரிந்துரைப்பேன்.