அலோஹா மென்பொருள்: தூரம் தெரியும், ரிஸ்க் தெரியாது

குளோரின் டன்னரோ (படுக்க வைக்கும் பெரிய உருளை) அம்மோனியா டாங்க்கோ எல்பிஜி புல்லட்டோ (நீண்ட உருளை வடிவ டாங்க்) உள்ள ஆலைகளின் ரிஸ்க் அனாலிசிஸ் அறிக்கைகள் பலவற்றில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களில் ஒரு படம் இருக்கும். ரசாயனம் கசிந்தால் நச்சு மேகமோ வெப்பமோ எவ்வளவு தூரம் எட்டும் என்று கணக்கிடும் அலோஹா மென்பொருள் வரைந்து தருவது அது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் கடல், வளிமண்டல நிர்வாகமும் சேர்ந்து உருவாக்கியது, இலவசம். சாதாரண லேப்டாப்பில் ஓடும், படத்தை கூகுள் எர்த்தில் ஏற்றிப் பார்க்கலாம். செலவில்லாத கருவி என்ற வகையில் குறை சொல்ல அதிகமில்லை. கோளாறெல்லாம் கொடுக்கும் தகவலில்தான்.

900 கிலோ குளோரின் டன்னரை எடுத்துக்கொள்வோம். டாங்க் விவரத்தில் விட்டம், நீளம், கொள்ளளவு மூன்றில் இரண்டைக் கொடுத்தால் போதும், மூன்றாவதை அதுவே போட்டுக்கொள்ளும். அடுத்து, உள்ளே இருப்பது திரவமா வாயுவா என்று கேட்கும். "குளோரின் வாயுதானே" என்று வாயுவைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு அங்கேயே கெட்டது. மைனஸ் 34 டிகிரியில் கொதிக்கும் குளோரின், டன்னருக்குள் தன் ஆவி அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. படுக்க வைத்த டன்னரின் மேல் வால்வு வாயுவைத் தரும், கீழ் வால்வு திரவத்தைத் தரும். ஆகவே ஓட்டை எந்த உயரத்தில் என்ற கட்டம் முக்கியம். அதே விட்டமுள்ள ஓட்டை திரவ மட்டத்துக்குக் கீழே இருந்தால் கசிவு வேகம் பல மடங்கு கூடும். வாயுவும் நுண்துளிகளுமாகக் கலந்து வெளியேறும்.

காற்றுத் திசையில் கேட்பது, காற்று எங்கிருந்து வருகிறது என்பதை. போகும் திசையைப் போட்டுவிட்டால் படம் எதிர்ப்பக்கத்து ஊரின்மேல் விழும். காற்று எவ்வளவு கலங்குகிறது என்பதற்கும் ஏ முதல் எஃப் வரை வகுப்பு உண்டு; டி நடுநிலை, எஃப் அசைவற்ற காற்று. பகலுக்கு நொடிக்கு 5 மீட்டர், டி வகுப்பு, இரவுக்கு 1.5 மீட்டர், எஃப் வகுப்பு என இரண்டுக்குமாவது ஓட்டிப் பாருங்கள். நச்சு மேகம் நீர்த்துப்போகாமல் வெகுதூரம் தவழ்வது இரவில்தான். பகல் கணக்கை மட்டும் காட்டும் அறிக்கை பாதி அறிக்கை.

நச்சு அளவு வரம்பிலும் விளையாட இடமுண்டு. ஏஇஜிஎல் என்பது பொதுமக்களுக்குத் தொந்தரவு, கடும் பாதிப்பு, உயிராபத்து என மூன்று படிகளில் வரம்பு சொல்வது. குளோரினுக்கு 60 நிமிட ஏஇஜிஎல் அளவுகள் 0.5, 2, 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). வேலையிடத்தில் உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து என்று கருதும் ஐடிஎல்ஹெச் அளவு 10 பிபிஎம். வெளிக்கோட்டை 0.5-க்குப் பதில் 10-இல் வரைந்தால் படம் கணிசமாகச் சுருங்கிவிடும், மதில் சுவருக்கு வெளியே உள்ள தெரு தப்பித்ததுபோல் தெரியும்!

வீட்டுக்குள் செறிவு எவ்வளவு என்றும் காட்டும். கதவு, ஜன்னல் எல்லாம் மூடியிருப்பதாக வைத்துப் போடும் கணக்கு அது. மே மாத இரவில் நம் ஊரில் யார் ஜன்னலை மூடுகிறார்கள்? அந்தக் கோட்டை நம்பி "வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்று அவசரத் திட்டத்தில் எழுத வேண்டாம்.

மேடு பள்ளம் அதற்குத் தெரியாது. காற்று நொடிக்கு 1 மீட்டருக்குக் கீழே போனால் ஏற்காது. 10 கிலோமீட்டருக்கு அப்பாலும், ஒரு மணி நேரத்துக்கு மேலும் கணக்கு இல்லை. எல்பிஜி புல்லட் வெடிப்பில் வெப்பத்தைச் சதுர மீட்டருக்கு 10, 5, 2 கிலோவாட் எல்லைகளில் தரும். பறக்கும் இரும்புத் துண்டுகளைக் கணக்கில் எடுக்காது. வேதிவினையும் அப்படித்தான். 2020-இல் விசாகப்பட்டினத்தில் நடந்ததுபோல டாங்க்குக்குள் ஸ்டைரீன் தானாகப் பாலிமராகிச் சூடேறினால், கசிவு வேகத்தைத் தனியே கணக்கிட்டு நேரடியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் கிடைப்பது, கசிந்தால் என்ன ஆகும் என்ற விளைவு மட்டுமே. ரிஸ்க்கில் அது ஒரு பாதி. அந்த வால்வு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கசியும் என்ற மறுபாதியை, ரிஸ்க் அனாலிசிஸுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 15656 சொல்லும் முறையில் தனியே செய்தாக வேண்டும். அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989 விதிகளின்படி ஆலையில் குளோரின் இருப்பு 25 டன்னைத் தொட்டால் பாதுகாப்பு அறிக்கை கட்டாயம். அதில் அலோஹா படத்தை மட்டும் ஒட்டிவைத்து ரிஸ்க் அனாலிசிஸ் முடிந்தது என்று கையெழுத்துப் போடுவது ஏமாற்று.

ஆலோசகரிடம் அறிக்கை வாங்குபவர்கள் படத்தோடு, அலோஹாவுக்குக் கொடுத்த தகவல்களை எழுத்தில் காட்டும் டெக்ஸ்ட் சம்மரி பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். ஓட்டையின் விட்டம், உயரம், காற்று, தரை வகை எல்லாம் அதில் வரிசையாக இருக்கும்.