நான்கு ஆண்டுகள், ஒரு தண்ணீர்க் கம்பம்

நான் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கும் அலுவலகக் கட்டடத்துக்கு வெளிப்பக்கம் மட்டும் 212 கண்ணாடிகள். சுத்தம் செய்ய ஒப்பந்தம் கேட்டு வந்தவர்கள் ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னதால், ஒரு விடுமுறை நாளில் நானே சுற்றி வந்து எண்ணினேன். தரைத்தளம் சேர்த்து ஐந்து அடுக்கு. உச்சிக் கண்ணாடியின் மேல்விளிம்பு தரையிலிருந்து ஏறக்குறைய 16 மீட்டர். ஆள் நின்று வேலை செய்யும் தொங்கு மேடையான கோண்டோலாவைத் தொங்கவிட மொட்டைமாடியில் வசதி இல்லை. ஆண்டுக்கு நான்கு முறை சாரம் கட்டிப் பிரிப்பதும் நடக்கிற காரியமில்லை. கயிற்றில்தான் ஆள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தரையில் கால் வைக்கும் வரை எனக்கு உயிர் என்னிடம் இருக்காது. அதனால்தான் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு தண்ணீர்க் கம்பம் வாங்கினோம்.

வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் கம்பத்தின் நீளத்தைக் கேட்கிறார்கள், எடையைக் கேட்கிறார்கள். உங்கள் தொட்டித் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, எத்தனை மில்லிகிராம் என்று நான் திருப்பிக் கேட்டால் விழிக்கிறார்கள். நானும் அப்படி விழித்தவன்தான்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய கார்பன் நார்க் குழாய்கள், உச்சியில் ஒரு பிரஷ், உள்ளே மெல்லிய ரப்பர்க் குழாய். அதன் வழியாக உப்பு நீக்கிய தண்ணீர் மேலே போய்ப் பிரஷில் பீறிடும். தரையில் நின்றபடியே தேய்த்து, அலசி, அப்படியே விட்டுவிட்டு அடுத்த கண்ணாடிக்குப் போகலாம். துடைக்க வேண்டாம். சாதாரணத் தண்ணீர் காயும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் கண்ணாடியிலேயே தங்கி உப்புக்கறையாகிவிடும். உப்பே இல்லாத தண்ணீர் காய்ந்தால் தங்குவதற்கு ஒன்றுமில்லை. இவ்வளவுதான் தத்துவம்.

விற்க வந்தவர் தண்ணீரைக் கேனில் கையோடு கொண்டுவந்து இரண்டு கண்ணாடிகளைக் கழுவிக் காட்டினார். பளிச்சென்று இருந்தது. கூடவே, தண்ணீரிலுள்ள உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகள் 7 லிட்டர் நிரப்பிய உருளை ஒன்றையும் வாங்கினோம். உங்கள் குழாய்த் தண்ணீரை இதன் வழியாக விட்டாலே போதும் என்றார். எங்கள் தண்ணீரின் டிடிஎஸ் 480. அதை அவர் அளக்கவும் இல்லை, அளக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவும் இல்லை. முதல் சுற்றில் 60 கண்ணாடிகூட முடியவில்லை, ரெசின் தீர்ந்துவிட்டது. காய்ந்த பிறகு பார்த்தால் புள்ளி புள்ளியாக வெள்ளைத் தடம். தண்ணீரில் மீன் வாடை வேறு. தீர்ந்துபோன ரெசின் அப்படித்தான் நாறும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று பிரஷில் எதையோ கொட்டிவிட்டதாகப் பணியாளர்களைக் குற்றம் சொல்லித் தொலைத்தேன். அதற்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

கணக்கு எளியது. ரெசின் பிடித்துவைக்கக்கூடிய உப்புக்கு ஓர் அளவு உண்டு. 480 தண்ணீரில் அது சில நூறு லிட்டரிலேயே நிரம்பிவிடும். அதே தண்ணீரை முதலில் ஆர்.ஓ. (நுண்ணிய சவ்வால் உப்பை வடிக்கும் கருவி) வழியாக விட்டு 30-க்குக் கொண்டுவந்துவிட்டால் ரெசினுக்கு மிச்சம்மீதிதான் வேலை. மூன்றாம் மாதம் ஆர்.ஓ. பொருத்தினோம். அதன் பிறகு ஒரு நிரப்பு ஏறக்குறைய ஓராண்டு வருகிறது. ஆர்.ஓ. மெதுவாகத்தான் வடிக்கும் என்பதால் முந்தின நாளே ஒரு தொட்டியில் பிடித்துவைக்க வேண்டும். அது ஒதுக்கித் தள்ளும் தண்ணீரும் கணிசம். அதைக் கழிவறைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டோம். சாக்கடையில் விட மனம் வரவில்லை. குளோரின் கலந்த தண்ணீராக இருந்தால் ஆர்.ஓ. சவ்வுக்கு முன்னால் கார்பன் வடிகட்டி கட்டாயம். எங்கள் சவ்வை ஒரே முறைதான் மாற்றினோம், அதுவும் மூன்றாம் ஆண்டில்.

டிடிஎஸ் மானி பூச்சியம் காட்டினால் நிம்மதி. 10-ஐத் தாண்டினால் நான் வேலையை நிறுத்திவிடுவேன். ஆனால் மானியையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்துத்தான் கணக்கிடுகிறது. சிலிக்கா மின்னூட்டம் இல்லாமலே பெரும்பாலும் கரைந்திருப்பதால் மானியின் கண்ணில் அது சரியாகப் படாது. ரெசின் தளரத் தொடங்கும்போது முதலில் நழுவி வருவதும் சிலிக்காதான். இரண்டாம் ஆண்டில் மானி 2 காட்டியபோதே தெற்குப் பக்கக் கண்ணாடிகளில் லேசாகப் புள்ளி விழுந்தது. தலையைப் பிய்த்துக்கொண்டேன். ரெசினை மாற்றியதும் போய்விட்டது. இப்போதெல்லாம் சுற்றைத் தொடங்கும் முன் ஒரு கண்ணாடியைக் கழுவிக் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போகிறோம்.

கம்பத்தைக் கையாளும் விதத்துக்கு வருகிறேன். பல ஆண்டு அழுக்கு சேர்ந்த கட்டடத்தில் முதல் சுற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். கண்ணாடி சுத்தமாகிவிடும், மேல்சட்டத்தின் இடுக்கில் ஒளிந்திருக்கும் தூசி பத்து நிமிடம் கழித்துக் கோடாக வழியும். எங்களுக்கு முதல் இரண்டு சுற்றுகளும் இப்படித்தான் போயின. சட்டத்தை முதலில் தேய்த்து அலசிவிட்டுச் சற்றுப் பொறுத்துப் பிறகு கண்ணாடியைத் தொட்டால் இந்தத் தொல்லை குறைகிறது. கடைசி அலசலில் மேலிருந்து கீழாகத் தண்ணீர் ஒரே திரையாக இறங்க வேண்டும். சில கண்ணாடிகளில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். அவற்றுக்கு நேரமும் தண்ணீரும் கூடுதலாகச் செலவாகும். உச்சி வெயிலில் எதையும் தொடாதீர்கள். அலசுவதற்குள் காய்ந்துவிடும். இன்னொன்று: கார்பன் நாரில் மின்சாரம் பாயும். மின்கம்பி அருகில் போகும் சுவர்ப் பக்கம் நாங்கள் கம்பத்தை எடுத்துச் செல்வதே இல்லை.

உள்பக்கத்துக்கு இந்தக் கம்பம் எந்த வகையிலும் உதவாது. மேசையும் கணினியும் இருக்கும் அறையில் யார் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள்? அங்கே வாளியும் வைப்பரும்தான். ஒற்றை ரப்பர் பூட்டிய பித்தளை வைப்பருக்கு எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியக் குடியேறி அமெரிக்காவில் 1930-களில் காப்புரிமை பெற்றார். அதன் அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை, மாற வேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை. 45 செ.மீ. வைப்பர் எங்கள் கண்ணாடிகளுக்குக் கச்சிதம். ஒரு வாளித் தண்ணீருக்குச் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போதும். கூடினால் கண்ணாடியில் மங்கல் படியும், குறைந்தால் ரப்பர் வழுக்காமல் துள்ளும். கோடு விழுந்தால் பெரும்பாலானவர்கள் திரவத்தைக் குறை சொல்கிறார்கள். ரப்பரின் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள், மழுங்கியிருக்கும். ரப்பரைத் திருப்பிப் போடுவதும் மாற்றுவதும்தான் இந்த வேலையிலேயே மலிவான வைத்தியம், அதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். வெயிலின் வெப்பத்தைத் தடுக்கும் தாள் ஒட்டிய கண்ணாடிகளில் அம்மோனியா கலந்த திரவங்களை நான் அனுமதிப்பதில்லை.

கம்பத்தாலும் வைப்பராலும் போகாத கறைகளில்தான் நாங்கள் பணத்தை இழந்தோம். மூன்றாம் தளத்தில் வண்ணப்பூச்சுத் துளிகள் ஒட்டியிருந்த ஒரு கண்ணாடியைப் பிளேடு சுரண்டியால் சுரண்டச் சொன்னேன். சொன்னது நான்தான். அது பதப்படுத்திய கண்ணாடி, அதாவது டெம்பர்டு கிளாஸ். உலையில் சூடாக்கும்போது நுண்ணிய கண்ணாடித் துணுக்குகள் பரப்பில் ஒட்டி இறுகிவிடுவது உண்டு. பிளேடு அவற்றைப் பெயர்த்துத் தன்னோடு இழுத்துச் செல்ல, மயிரிழை போன்ற நூறு கீறல்கள். நேரே நின்று பார்த்தால் தெரியாது. மாலை வெயில் சாய்வாக அடிக்கும்போது சிலந்தி வலையாகத் தெரியும். புதிதாகச் சேரும் பணியாளர் எவரையும் முதலில் அந்தக் கண்ணாடியின் முன்தான் நிறுத்துகிறேன்.

இன்னொரு முறை, உப்புக்கறையை ஒரே நாளில் எடுத்துத் தருவதாக வந்த ஒப்பந்ததாரர் ஒருவர் பெயர் ஒட்டாத குப்பியிலிருந்து ஏதோ தடவினார். கறை போனது. இரண்டு கண்ணாடிகளில் பால் நிறப் புகைமூட்டம் நிலைத்துவிட்டது. ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் சேர்ந்த கறைநீக்கிகள் கண்ணாடியையே கரைப்பவை. தோலில் பட்டால் வலி தாமதமாகத் தெரியும், அதற்குள் ஆழத்தில் சதையும் எலும்பும் கெட்டிருக்கும். அவருடைய ஆட்கள் வெறுங்கையோடு நின்றிருந்ததை இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. குப்பியில் என்ன இருக்கிறது என்று எழுதித் தராத எவரையும் இப்போது வாசலோடு அனுப்பிவிடுகிறேன்.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஊரும் இயந்திரம் ஒன்றையும் இடையில் வாங்கினோம். மூலைகளை விட்டுவிடுகிறது, தூசி மிகுந்தால் அழுக்கைத் தேய்த்துப் பரப்புகிறது. இப்போது அலமாரியில் இருக்கிறது.

கம்பத்தின் இன்றைய நிலை: பூட்டுகளில் இரண்டு தேய்ந்து வழுக்கத் தொடங்கின, மாற்றிவிட்டோம். உள்குழாய் மடிப்பு விழும் இடத்தில் ஒரு முறை கிழிந்தது. பிரஷ் மூன்றாவது. கார்பன் குழாய்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு முறையும் மணல் போக அலசித் துடைத்து வைப்பதால்தான் என்று நினைக்கிறேன். கழுத்து வலிதான் தீராத குறை. எங்கள் மூத்த பணியாளரிடம், “அண்ணே, கயிறா கம்பமா, எது மேல்?” என்று சென்ற வாரம் கேட்டேன். “கயிற்றில் கை வலிக்கும் சார், இதில் கழுத்து வலிக்கிறது. ஆனால் சாயங்காலம் வீட்டில் கேள்வி இல்லை,” என்றார். ஆறு கண்ணாடிக்கு ஒரு முறை ஆள் மாறுகிறார்கள். கீழ் இரண்டு தளங்களுக்கு இவ்வளவு நீளமான கம்பத்தைத் தூக்கிக்கொண்டு திரிவானேன் என்று அவர் கேட்டதும் நியாயமாகப் பட்டது. 6 மீட்டரில் கண்ணாடி நார்க் கம்பம் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன், அடுத்த சுற்றுக்குள் வந்துவிடும்.